கறுப்பாகப் போகும், அஞ்ச வேண்டாம்

இராஜபாளையத்தில் நாற்பத்தொரு ஆண்டுகள் குழந்தை மருத்துவம் பார்த்தேன். அவ்வளவு காலத்தில், குழந்தையின் இரைப்பையில் கட்டி என்று நான் கண்டது மூன்று. சரியாகச் சொன்னால் இரண்டு. மூன்றாவதைத் திறந்து பார்த்தபோது அது கட்டியல்ல, அந்தப் பிள்ளை பிய்த்து விழுங்கிய தலைமுடி. அதை என் நோட்டில் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். அடித்த கோடு இன்னும் தெரிகிறது.

இரண்டில் ஒன்று பிறந்து நாற்பது நாளான ஆண் குழந்தை. வயிறு உப்பியிருந்தது, எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் எலும்புத் துணுக்குகள் போலத் தெரிந்தன. கருவிலேயே உருவாகி, எலும்பும் சேர்ந்து வளரும் வகைக் கட்டி அது; எலும்பு தெரிந்தால் யாருக்கும் கண்டுபிடிக்க வரும். எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, உங்களுக்குப் பாடமும் இல்லை.

மற்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் நீங்கள், இப்படி ஒன்றை உங்கள் காலம் முழுவதும் பார்க்காமலே போகலாம். ஆனால் அன்று நான் செய்த தவறுக்கு அபூர்வமான நோய் தேவையில்லை. அதை நீங்கள் இந்த வாரமே செய்ய முடியும்.

பிள்ளையின் பெயர் பியூலா என்று வைத்துக்கொள்வோம். பதினோரு வயது. சேத்தூர் பக்கம் வீடு. அப்பா இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. அம்மா சுகந்தி, மருத்துவத் துணி மடித்துக் கட்டும் கம்பெனியில் வேலை. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை, இப்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்று கூட்டிவந்தார்கள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி போல இருந்தது. பன்னிரண்டை ஒட்டி இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு.

செருப்பில்லாமல் வயலில் நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு வரும், இரத்தம் குறையும். சேத்தூரிலிருந்து அப்படி வந்தவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருந்தேன். பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் எழுதினேன். பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் ஸ்டாம்பை அடித்தேன்.

அந்த ஸ்டாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்புச் சத்து மருந்து குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். இது தெரியாத தாய்மார்கள் பதறிப்போய் வருவார்கள். ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். இதற்கென்றே வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றாலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். உடனே பஜாரில் சொல்லி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தேன். 'மலம் கறுப்பாகப் போகும். அஞ்ச வேண்டாம்.' அடுத்த மாதம் வந்தவர்கள் இரண்டே பேர். நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. டானிக் பாட்டில் ஒன்று இருபது நாளைக்கு வரும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் அடுத்ததற்குச் சீட்டு. மருந்தைக் குடிக்காமலே 'குடிச்சாச்சு' என்பவர்கள் அதிகம், அதனால் இந்த ஏற்பாடு. பாட்டில் குறைந்தால் ஏசுவேன். என் சத்தம் கொஞ்சம் பெரிது.

பியூலாவின் பாட்டில்கள் ஒரு நாள் தவறாமல் வந்தன. இரண்டு பாட்டில் முடிந்தபோது ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று. எல்லாம் சரியாகப் போகிறது என்று எழுதினேன். அதன் பிறகு ஏழு புள்ளி ஆறு. பிறகு ஏழு. மருந்து உள்ளே போகிறது, இரத்தம் ஏறவில்லை. ஏன்?

"ஏம்மா, மருந்து குடிச்சதும் டீ குடுக்கியா?" என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"இல்ல டாக்டரய்யா. அவ டீயே குடிக்க மாட்டா."

"மலத்துல ரத்தம் கித்தம் போகுதா?"

"செவப்பால்லாம் ஒண்ணும் இல்ல."

"கறுப்பாத்தானே போகுது?"

"ஆமாங்கய்யா. நீங்க சொன்ன மாதிரியேதான் போகுது."

அந்தப் பதிலுக்கு நேராக ஒரு டிக் போட்டேன். நான் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள். என் பதிலுக்கு நானே டிக் போட்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

என்னிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த நர்ஸ் லட்சுமி, ஆறாவது தடவை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"டாக்டர், மத்த பிள்ளைக பாட்டிலு எறும்போட வருது. இந்தப் பிள்ள பாட்டிலு மட்டும் குளிச்சுட்டு வருது."

"சுத்தமான வீடும்மா. பாத்துக் கத்துக்கோ" என்றேன்.

"கத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பெட்டியில் போட்டாள். டானிக் இனிப்பானது. குடித்த பாட்டிலின் வாய் பிசுபிசுவென்று இருக்கும், எறும்பு வரும். நாலு மாதமாக இனிப்பு மருந்து வைத்திருந்த வீட்டிலிருந்து ஒரு எறும்புகூட ஏன் வரவில்லை என்று லட்சுமிக்குத் தோன்றியது. எனக்கு எண்ணிக்கை சரியாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

எட்டுப் பாட்டில்கள் திரும்பிவிட்டன. ஒன்பதாவதைக் கொடுக்கும்போது ஹீமோகுளோபின் ஆறு புள்ளி இரண்டு. பிறவியிலேயே இரத்தத்தில் குறை இருக்குமோ என்று வெளியூர் லேபுக்கு இரத்தம் அனுப்பினேன். ஒரு சின்ன டப்பாவில் மலத்தை வாங்கி, எங்கள் தெருவிலேயே இருந்த லேபுக்கு அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். அனுப்பவில்லை. ஒன்பது தடவையில் ஏழு தடவை வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை கூட்டம் அதிகம். ஏழு தடவையும் கையில் ஒன்றும் தட்டவில்லை. விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்திருப்பது கையில் தட்டாது.

ஒன்பதாவது பாட்டில் கொடுத்த பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளையாட்டு வகுப்பில் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தியெடுத்து விழுந்துவிட்டாள். உதடும் கன்னமும் ஒரே நிறம். நான் கையைப் பிடித்து நாடியை எண்ணினேன். முழு நிமிடமும் எண்ணுவது என் பழக்கம்.

"எண்ணுனது போதும் டாக்டர், ஊசியைக் குத்துங்க" என்றாள் லட்சுமி. அவள் அதற்குள் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தாள். நாடி நூற்று நாற்பத்தெட்டு. இரத்த அழுத்தம் எழுபதைத் தாண்டவில்லை.

அப்பா மில் சட்டையோடு வந்து நின்றார். தலைமுடியெல்லாம் பஞ்சு. மில் மேனேஜரின் கார் வெளியே நிற்கிறது என்றார்.

"நேரா மதுரைக்கே போயிருவோம் டாக்டர். ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். டிரைவர் நல்லா ஓட்டுவான்."

இளைய மருத்துவர்களே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். மதுரையில் எல்லாம் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி இருக்கிறது, குழந்தை அறுவை மருத்துவர் இருக்கிறார். நம்மிடம் ஒன்றும் இல்லை. பிள்ளையை நம் கையைவிட்டு எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்று மனம் சொல்லும். அதில் பாதி பயம். நான் போட்ட கணக்கு வேறு. ஹீமோகுளோபின் நான்குக்குக் கீழே போயிருக்கும் என்று நினைத்தேன், பார்த்தபோது மூன்று புள்ளி ஒன்பது. வழியில் இன்னொரு தடவை வாந்தியெடுத்தால் கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் இதயம் நின்றுவிடும். காருக்குள் என்னால் செய்ய முடிவது ஒன்றும் இல்லை.

"வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிறுத்தி ரத்தம் ஏத்திட்டுத்தான் போகணும்" என்றேன்.

"அங்க நின்னா நேரம் போயிருமே!"

"போகும். போனாலும் நிக்கணும்."

நானும் காரில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரத்தம் வைத்திருந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய வகை இரண்டு பை இருந்தது. ஆனால் பொருந்துகிறதா என்று பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பிள்ளையை உள்ளே கட்டிலில் போட்டார்கள். அப்பா வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவளுடைய நாடியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணினேன். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று ஐம்பத்தாறு. என் முடிவு தப்பாக இருந்தால் அது இந்தக் கட்டிலில்தான் தெரியவரும் என்று எனக்குத் தெரியும்.

எங்களோடு காரில் வந்திருந்த சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாக்டரய்யா, ஒண்ணு சொல்லணும். ஏசக் கூடாது."

"சொல்லும்மா."

"அவ மருந்து குடிக்கல."

"எந்த மருந்து?"

"டானிக்குத்தான். வாயெல்லாம் துரு நாத்தம் அடிக்குன்னு மூணாவது பாட்டில்ல இருந்தே ஊத்திட்டு இருந்திருக்கா. எனக்கே போன மாசந்தான் தெரியும். குளிக்கிற எடத்துல ஊத்தி, பாட்டில அலசி வச்சிருதா."

"தெரிஞ்ச அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எண்ணுவீகளே." அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு ஒரு பொம்பள பாட்டில் கொண்டாரலன்னு எம்புட்டு ஏசுனீக. வெளிய பெஞ்சுல இருந்த எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அந்த அக்கா அழுதுட்டே போனா. எனக்கு வாய் வரல."

நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்றாவது பாட்டிலிலிருந்து எட்டாவது வரை நூற்று இருபது நாள். ஒன்பதாவதில் பதினொன்று. நூற்று முப்பத்தொரு நாள் இரும்பு உள்ளே போகவில்லை.

"இந்த நாலு மாசமும் மலம் எப்படிப் போச்சு?"

"கறுப்புதான். தார் மாதிரி."

"எங்கிட்ட முதல்ல வந்தீங்களே, அதுக்கு முந்தி?"

"அப்பவும் கறுப்புதான் போச்சு டாக்டரய்யா. அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க ஸ்டாம்ப அடிச்சுக் கையில குடுத்துட்டீக. படிச்சுப் பாத்தேன். சரி, டாக்டருக்கே தெரிஞ்சிருக்குன்னு இருந்துட்டேன்."

மருந்து குடிக்காமல் கறுப்பு மலம் போனால் அது மேல் வயிற்றிலிருந்து கசியும் இரத்தம். மூன்றாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்தது. நான் அவளை ஏசவில்லை. ஏசுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து போய் மதுரைக்கு மறுபடியும் போன் செய்தேன். கிளம்பும்போது செய்ததில் 'இரத்தச் சோகை, வாந்தி, மயக்கம்' என்று சொல்லியிருந்தேன். இப்போது, "இரும்பு மருந்து குடிக்காமலே நாலு மாதமாகக் கறுப்பு மலம்" என்றேன். எடுத்தவர் அறுவை மருத்துவர், பெண், என்னைவிட முப்பது வயதாவது இளையவர். "இரைப்பையிலதான் சார் இருக்கும். வந்ததும் உள்ளே பார்த்திடலாம், ஆள் தயாராக வைக்கிறேன்" என்றார்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் இரத்தம் வந்தது. அது சொட்டச் சொட்ட ஆம்புலன்ஸில் ஏற்றினோம். திருமங்கலத்துக்கு முன்னால் அவள் இன்னொரு தடவை வாந்தியெடுத்தாள். நாடி நூற்று எழுபதுக்குப் போய், இரண்டாவது பை பாதி இறங்கியதும் நூற்று நாற்பதுக்கு வந்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நின்றது சரி என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். திருமங்கலம் வரை வாந்தி வராமல் இருந்திருந்தால், நின்றது வீண் என்றும் சொல்லியிருப்பார்கள். இப்படிப்பட்ட முடிவுகள் சரியா தப்பா என்பது எடுத்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது. அதற்காக எடுக்காமல் இருக்கவும் முடியாது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. அதன் உச்சியில் புண், அங்கிருந்துதான் கசிவு. பக்கத்தில் மிளகளவில் இன்னும் இரண்டு. இரைப்பைச் சுவரின் தசையிலிருந்து வளரும் வகை அது. பெரியவர்களுக்கு வருவது தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கு மிக அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே. வலிக்காது, வளர்வதும் மெதுவாக. பல நாள் வெளியே தெரிவது வெளிறிய முகமும் கறுப்பு மலமும் மட்டும்தான். பெரியவர்களுக்குக் கேட்கும் மாத்திரை பிள்ளைகளுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. வெட்டி எடுத்துவிட்டு, காலமெல்லாம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், திரும்பி வரக்கூடும்.

அந்த அறுவை மருத்துவர் எல்லாவற்றையும் எடுத்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மருந்தை ஒரு வாரம் நிறுத்திட்டு மலத்தைப் பார்த்தீங்களா சார்?"

"இல்லை."

"அவ குடிச்சிருந்தா இரத்தம் ஓரளவு ஏறியிருக்கும். நீங்க இன்னும் ரெண்டு மாசம் குடுத்துட்டே இருந்திருப்பீங்க."

குத்திக்காட்டச் சொன்னதல்ல, கணக்காகத்தான் சொன்னார். நானும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் பார்க்கப் போனேன். பியூலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"டாக்டர், குளிக்கிற எடத்துத் தண்ணி எங்க வீட்டுக் கொய்யா மரத்துக்குத்தான் போகும். இந்த வருசம் ரொம்பக் காய்ச்சிருக்கு. ஒங்க மருந்துதான்."

"ஏட்டி, வாய மூடு" என்றாள் சுகந்தி. "டாக்டரய்யாகிட்ட என்ன பேச்சு?"

"நெசமாத்தாம்மா. ஆறு பாட்டிலுல்லா குடிச்சிருக்கு!"

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. கிளினிக்குக்குத் திரும்பியதும் ஸ்டாம்பை எடுத்து லட்சுமியிடம் கொடுத்து, தூர எறியச் சொன்னேன்.

"இத எறிஞ்சிரலாம் டாக்டர். வாய என்ன செய்ய?" என்றாள்.

அன்றிலிருந்து காலிப் பாட்டில் கேட்பதையும் விட்டேன். மருந்து எழுதுவதற்கு முன், "மலம் என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். தாய் யோசித்துப் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசக் கூடாது. இது எனக்கு எளிதாக வரவில்லை. பிறகு, "எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்பேன். "விட்டுப்போச்சா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எத்தனை?" என்றால், விடுவது சகஜம்தான் என்று எடுத்துக்கொண்டு உண்மையைச் சொல்வார்கள். உங்களிடம் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. ஆனால் சீட்டு எழுதியதும் அம்மாவின் செல்போனுக்குத் தானாகப் போய்விடும் செய்தி இருக்கிறது. அதில் 'அஞ்ச வேண்டாம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்கு முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றும் பாருங்கள்.

சுகந்தி அதற்குப் பிறகு என் கிளினிக்குக்கு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு டாக்டரிடம் போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனைக்கு மதுரைக்கு வருடா வருடம் போனார்கள், எட்டு வருடமும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. இதற்கிடையில் நான் கிளினிக்கை மூடினேன்.

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது, தோளில் காலேஜ் பை. செருப்பைக் கழற்றிவிட்டு, "என்னத் தெரியுதா டாக்டர்?" என்றாள். தெரியவில்லை. "கொய்யா மரம்" என்றாள்.

உட்காரச் சொன்னேன். கீழிமையைத் தானாகவே இழுத்துக் காட்டினாள். கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.

"மதுரையில குடுத்த இரும்பு மாத்திரை எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

"விட்டுப்போகல டாக்டர், நானே நிறுத்திட்டேன். ரெண்டு மாசமாச்சு."

"மலம்?"

"கறுப்பு."

"எப்பலேருந்து?"

"நேத்துதான் பாத்தேன். டவுட்டா இருந்துச்சு, இன்னைக்கும் பாத்தேன். கறுப்புதான். அதான் காலேஜுக்குப் போகாம நேரா இங்க வந்துட்டேன். அம்மாட்ட இன்னும் சொல்லல. மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

நான் கேட்காமலே, வேறு ஏதும் மருந்து சாப்பிடவில்லை, பீட்ரூட்டும் சாப்பிடவில்லை என்றாள். தலை சுற்றல் இல்லை, மாடிப்படி ஏறினால் மட்டும் லேசாக மூச்சு வாங்குகிறது என்றாள். நான் கேட்க வைத்திருந்த கேள்விகளில் நான்குக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். தெருமுனை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலத்தில் இரத்தம் இருந்தது. ஹீமோகுளோபின் பத்து புள்ளி இரண்டு. மதுரைக்குப் போன் செய்தேன். அதே அறுவை மருத்துவர்தான், இப்போது துறைத் தலைவர். "நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க சார். இந்த அளவுல வந்தா சின்னதாத்தான் இருக்கும்" என்றார்.

பியூலா அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள். நடந்ததை நான்கு வரியில் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் கம்பெனியின் இரைச்சல் கேட்டது.

"டாக்டரய்யா."

"சொல்லும்மா."

"இப்ப எம்புட்டு இருக்கு?"

"பத்து."

"அப்ப, அன்னைக்கு மாதிரி நாளைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கணுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "பஸ்ஸிலேயே நேரா போயிருங்க."